தாங்கும் சக்திக்குப் பாடம்: ஆளும் ஓய்வும் எங்கே?

ஆஸ்பத்திரிகளில் ஒரு புது மருந்து வந்திருக்கிறது. நோயாளிக்கு அல்ல; டாக்டருக்கும் நர்சுக்கும், அந்த வேலைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கும். அதன் பெயர் 'மீண்டெழும் திறன்'. வகுப்பு நடத்துகிறார்கள், மூச்சை இழுத்து விடச் சொல்கிறார்கள், எது வந்தாலும் கலங்காதே என்று போதிக்கிறார்கள். மருத்துவக் கல்லூரிகளில் 2019 முதல், முதலாண்டு அடிப்படைப் பயிற்சியிலேயே மன அழுத்தத்தைச் சமாளிப்பது ஒரு பாடம்.

மனதைத் திடப்படுத்துவது தவறா? தவறில்லை. நோவையும் சாவையும் தினம் பார்க்கிறவர்களுக்குத் தைரியம் வேண்டும். ஆறுதல் சொல்ல ஆளும் வேண்டும். அதை நாம் மறுக்கவில்லை. நாம் கேட்பது ஒரே கேள்வி: அவர்களை ஒடிப்பது எது?

குழுவே சொன்ன கணக்கு

தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த குழு 2024-ல் அறிக்கை கொடுத்தது. மேற்படிப்பு டாக்டர்களில் 100-க்கு 45 பேர் வாரம் 60 மணிக்கு மேல் வேலை செய்கிறார்கள். 100-க்கு 56 பேருக்கு வார விடுமுறையே இல்லை. 100-க்கு 31 பேர் தற்கொலை எண்ணம் வந்ததுண்டு என்கிறார்கள். படித்து முன்னேறிய பிள்ளைகளின் நிலை இது!

இதற்குக் குழு சொன்ன வேலை வரம்பு என்ன? வாரம் 74 மணி! தோழர்களே, 1948-ம் வருஷத் தொழிற்சாலைச் சட்டம் மில் தொழிலாளிக்கு வைத்த எல்லை 48 மணி. மேற்படிப்பு டாக்டருக்கும் சாதாரணமாக வாரம் 48 மணிதான் என்று மத்திய சர்க்கார் 1992-லேயே உத்தரவு போட்டது. அந்த உத்தரவு ஏட்டில் இருக்கிறது. டாக்டர் ராத்திரி வார்டில் இருக்கிறார்.

நூலுக்கு உபதேசமா?

இழை அறுந்துகொண்டே இருந்தால் மில் தொழிலாளி என்ன பார்க்கிறார்? பஞ்சைப் பார்க்கிறார், மெஷின் வேகத்தைப் பார்க்கிறார், காற்றின் ஈரத்தைப் பார்க்கிறார். 'அறாமல் இருக்கக் கற்றுக்கொள்' என்று நூலுக்கு யாராவது உபதேசம் செய்வதுண்டா? மனிதன் ஒடிந்தால் மட்டும் மனிதனுக்கே பாடம்!

இந்தப் பாடத்தின் சூட்சுமம் இதுதான். வேலைப்பளுவால் ஒருவர் விழுந்தால் அது நிர்வாகத்தின் குற்றம். தாங்கும் சக்தி போதாமல் விழுந்தார் என்றால் அது அவர் குற்றம். ஒரே ஒரு வார்த்தையை மாற்றிக் குற்றவாளியை மாற்றிவிடுகிறார்கள்.

நர்சுகள் கண்ட மரியாதை

2015-ல் தமிழ்நாட்டில் போட்டித் தேர்வு எழுதித் தேறிய நர்சுகளுக்குக் கிடைத்த தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். 2020-ல் கொரோனா வந்தது. நாடே கை தட்டியது. மே 3-ம் தேதி ஆஸ்பத்திரிகள் மீது ஹெலிகாப்டர் பூத் தூவியது. கோவை ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி கொரோனா ஆஸ்பத்திரியாயிற்று. அந்த நாட்களில் தமிழ்நாடு முழுவதும் ஒப்பந்தத்தில் எடுத்த நர்சுகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை 2022 டிசம்பர் 31-ம் தேதியோடு ஒப்பந்தம் முடிந்தது என்று வெளியே அனுப்பினார்கள். பூ தூவிய கையே சீட்டைக் கிழித்தது. இவர்களிடம் இல்லாதது மீண்டெழும் திறனா, நிரந்தர வேலையா?

'பணமில்லை, பயிற்சியாவது தருகிறோமே' என்பார்கள். உண்மைதான், ஒரு நாள் வகுப்புக்குச் செலவு சொற்பம். பத்து நர்சுகளைப் போட்டால் மாதாமாதம் சம்பளம் கொடுக்கவேண்டும். வகுப்பு பெருகுவதும் ஆள் பெருகாததும் அதனால்தான்.

நமக்கென்ன என்று இருக்கலாமா?

கோவையில் ஈ.எஸ்.ஐ. திட்டம் 1955-ல் வந்தது. நம் கூலியில் பிடித்த காசும் அதில் இருக்கிறது. பொள்ளாச்சிப் பக்கத்து விவசாயத் தொழிலாளி பாம்பு கடித்தால் ஓடுவது சர்க்கார் ஆஸ்பத்திரிக்குத்தான். அங்கே முப்பது மணி நேரம் கண் மூடாத டாக்டர் ஊசி போட்டால் ஆபத்து யாருக்கு? பணக்காரருக்கு வேறு ஆஸ்பத்திரி உண்டு. நமக்கு இது ஒன்றுதான்.

ஆகவே கோரிக்கை தெளிவானது. 48 மணி உத்தரவை அமல் நடத்து! வார விடுமுறை கொடு! போதனா ஆஸ்பத்திரியில் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்ற ஆஸ்பத்திரியில் ஐந்து நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்ற நர்சிங் கவுன்சில் விதிப்படி ஆள் போடு! ஒப்பந்த நர்சுகளை நிரந்தரமாக்கு! மனம் சோர்ந்தவர் வேலைக்குப் பயமில்லாமல் பேச ஆலோசகரை நியமி! இவ்வளவும் செய்தபின் மூச்சுப் பயிற்சி நடத்துங்கள். நாமும் வந்து உட்காருகிறோம்.

மில் சங்கங்களும் விவசாயத் தொழிலாளர் சங்கங்களும் இதைத் தங்கள் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்கவேண்டும். எட்டு மணி வேலையை நம் முன்னோர் பொறுமையால் பெறவில்லை, சங்கத்தால் பெற்றார்கள். நம் படுக்கையருகே விழித்திருக்கும் நர்சும் டாக்டரும் தொழிலாளிகளே. அவர்கள் தூங்கினால்தான் நாம் பிழைப்போம்.