மூணு ரூபாய் தோட்டம்

லீவு விட்டால் கோயமுத்தூர் ஆபீஸ்களில் பாதி, ஊட்டி பஸ்ஸில் நிற்கும். பொட்டானிக்கல் கார்டனில் போட்டோ, அப்புறம் டீ, உடனே ரிட்டர்ன்.

அந்தத் தோட்டத்தின் பூர்வாசிரமம் தெரியுமோ? 1840-களில் ஊட்டி வெள்ளைக்காரர்கள் மலிவாகக் காய்கறி கிடைக்கட்டும் என்று மாசம் 3 ரூபாய் சந்தா போட்டு ஆரம்பித்த சமாசாரம். நம்ம ஊர் ஏலச்சீட்டு மாதிரி அதுவும் கவிழ்ந்தது! (இன்றைக்கு அதே மலையின் காரட், மூட்டை மூட்டையாக மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குகிறது.) 1848-ல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து மெக்கைவர் வந்துதான், சேறும் சரிவுமாகக் கிடந்த இடத்தைப் பூங்காவாக்கினார்.

மேலே ஏறினால் தோடர் மந்து. மெக்கைவருக்கு முந்தியே அந்த மலையில் குடியிருந்தவர்கள். பீப்பாயைப் பிளந்து கவிழ்த்த மாதிரி வீட்டைப் பார்த்ததும் நம்ம ஆளுங்க கேமராவை நீட்டிவிடுகிறார்கள். உங்க வீட்டு வாசலில் எவனாவது இப்படிச் செய்தால் சும்மா விடுவீங்களா? ‘எடுக்கலாங்களா?’ என்று ஒரு வார்த்தை கேளுங்க, பிரதர். வேண்டாம் என்றால் கீழே 2 கோடி வருஷத்துக் கல்மரம் இருக்கிறது. அது ஆட்சேபிக்காது.