காம்புப் பக்கம் பச்சையாக இருந்தால் குறையா?

"அரை ஏக்கரில் நாட்டுத் தக்காளி போட்டிருக்கிறேன். காரைக்குடிச் சந்தையில் ஆச்சிமார் தேடிவந்து வாங்குகிறார்கள். மொத்த வியாபாரியோ, காம்புப் பக்கம் பச்சை, சீக்கிரம் வெடிக்கிறது என்று விலையைக் குறைக்கிறார். வீரிய ஒட்டு ரகத்துக்கு மாறிவிடலாமா?"
- காரைக்குடி வட்டார வாசகி

முதலில் அந்தப் பச்சையைப் பார்ப்போம். அது பழுக்காத குறை அல்ல, ரகத்தின் குணம். நாட்டுத் தக்காளி என்று பலரும் பயிரிடுவது பி.கே.எம்.1. அன்னஞ்சி என்ற உள்ளூர் ரகத்திலிருந்து சடுதிமாற்றம் மூலம் பெரியகுளத்தில் உருவாக்கப்பட்டது. தட்டையான உருண்டைக் காய், காம்பைச் சுற்றிக் கரும்பச்சை. பழம் முழுக்க ஒரே நிறம் வேண்டுமென்று உலகம் முழுக்கப் பல பத்தாண்டுகள் ரகங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த ஒரே நிறத்துக்குக் காரணமான மரபணு மாற்றம், காயின் பச்சையத்தோடு பழத்தின் சர்க்கரையையும் குறைக்கிறது என்று 2012-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு காட்டியது. வியாபாரி குறை சொல்கிற இடத்தில்தான் ருசியே இருக்கிறது!

ஆச்சிமார் இந்த ஆய்வையெல்லாம் படித்தவர்கள் இல்லை. ரசத்துக்குக் கையால் பிசைந்தாலே கரைய வேண்டும், வெள்ளைப் பணியாரத்துக்கு அரைக்கும் காரச் சட்னியில் புளிப்பு தானாக நிற்க வேண்டும். அவ்வளவுதான் அவர்கள் கணக்கு.

வியாபாரி பக்கமும் நியாயம் உண்டு. மெல்லிய தோல் லாரிப் பயணம் தாங்காது. வெளியூருக்கு ஏற்றுவதென்றால் ஒட்டு ரகம்தான் சரி. உங்களுக்கோ சந்தை பக்கத்திலேயே இருக்கிறது. நேரடியாக எத்தனை கிலோ விற்கிறது, வியாபாரிக்கு எத்தனை கிலோ போகிறது என்று ஒரு மாதம் எழுதி வையுங்கள். பாதிக்கு மேல் நேரடியாகப் போனால் மாற வேண்டாம் என்பேன். வியாபாரிக்குக் கொடுப்பதை மட்டும் நிறம் திரும்பும்போதே பறித்துவிடுங்கள்.

வெடிப்புக்குப் பெரும்பாலும் காரணம், நிலத்தைக் காயவிட்டு ஒரேயடியாகத் தண்ணீர் விடுவது. செம்மண் சீக்கிரம் காயும். வைக்கோல் மூடாக்குப் போட்டு, அளவாக, அடிக்கடி பாய்ச்சுங்கள்.

இன்னொன்று, ஒட்டு ரகத்துக்கு ஒவ்வொரு முறையும் விதை வாங்க வேண்டும். இதில் உங்கள் விதையே போதும். இலைச்சுருட்டு இல்லாத நல்ல செடிகளில் இரண்டாம், மூன்றாம் பறிப்பில் நன்கு பழுத்த பழங்களை எடுத்துப் பிசைந்து, ஒருநாள் புளிக்கவிட்டு, அலசி, நிழலில் உலர்த்துங்கள். அரை ஏக்கருக்கு 75 கிராம் தாராளம். சந்தைக்குப் போகும் முன்பே விதைப் பழத்தை ஒதுக்கிவிடுங்கள். ஆச்சிமார் கண்ணில் பட்டால் மிஞ்சாது.