குறை கூறுவது போதாது, மெய்ப்பிக்க வேண்டும்

வளைகுடா நாடுகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் அன்றாட வாழ்க்கை இன்று கைபேசிச் செயலிகளைச் சார்ந்தே நடைபெறுகிறது. ஊருக்குப் பணம் அனுப்புவது, பள்ளிக் கட்டணம் செலுத்துவது, மருத்துவரைக் காண நேரம் பெறுவது என அனைத்தும் திரையின் வழியாகவே நிகழ்கின்றன. அத்திரையில் தமிழ் சரிவர இயங்காதபோது எழும் குரல் பெரும்பாலும் "தமிழ் சரியாக வரவில்லை" என்ற ஒற்றை வரியோடு நின்றுவிடுகிறது. எந்தக் கருவியில், எந்தப் படியில், என்ன நேர்ந்தது என்ற விவரம் இல்லாத முறையீட்டை எந்த நிறுவனமும் பொருட்படுத்துவதில்லை.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். "மீனாட்சிசுந்தரம்" என்ற பெயரில் ஒன்பது எழுத்துகள் உள்ளன. ஆனால் ஒருங்குறியில் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகளாக எண்ணப்படுவதால், கணினிக்கு அது 16 குறியீடுகள். பெயர்க் கட்டத்திற்கு 15 என எல்லை வகுத்த படிவம் இறுதிப் புள்ளியை வெட்டி "மீனாட்சிசுந்தரம" என்று பதிந்துவிடும். அதே போல் "பொன்னி" என்ற சொல்லின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் உள்ளிடலாம். ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டாகவும் உள்ளிடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. நிரலாளர் அவற்றைச் சமப்படுத்தத் தவறினால், பதிந்த பெயர் தேடும்போது கிடைக்காது. ஆங்கிலப் பெயர்களை மட்டும் இட்டுச் சோதிப்பவர் கண்ணில் இப்பிழைகள் ஒருநாளும் படமாட்டா.

இங்கேதான் தானியங்கிச் சோதனை பயன்படுகிறது. ஒரு மனிதர் செய்யும் செயல்களை, அதாவது பக்கத்தைத் திறத்தல், பெயரை உள்ளிடுதல், பொத்தானை அழுத்துதல், விளைவை ஒப்பிடுதல் ஆகியவற்றை, ஒரு சிறு நிரல் செய்து முடிக்கிறது. 2004ஆம் ஆண்டு சிகாகோவில் ஜேசன் ஹக்கின்ஸ் தொடங்கிய செலீனியம் இத்துறைக்கு வழிகாட்டியது. அதன் வெப்டிரைவர் நெறிமுறையை 2018இல் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு தரமாக ஏற்றுக்கொண்டது. கைபேசிச் செயலிகளுக்கு ஆப்பியம், உலாவிகளுக்கு மைக்ரோசாஃப்ட் 2020இல் வெளியிட்ட பிளேரைட் எனக் கட்டணமற்ற திறமூலக் கருவிகள் பல உள்ளன.

சோதிக்க வேண்டிய கைபேசிகளையெல்லாம் விலைக்கு வாங்க எவராலும் இயலாது. அந்தக் குறையை மேகக் கணிமை நீக்குகிறது. 2011இல் மும்பையில் தோன்றிய பிரவுசர்ஸ்டாக் போன்ற நிறுவனங்கள் உண்மையான கைபேசிகளை இணையம் வழியே வாடகைக்குத் தருகின்றன. பஹ்ரைன் அரசு 2017இலேயே மேகக் கணிமைக்கு முதலிடம் தரும் கொள்கையை அறிவித்தது. அமேசான் நிறுவனம் மத்திய கிழக்கில் தனது முதல் மேகக் கணிமை மண்டலத்தை 2019 ஜூலையில் அங்குதான் திறந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

ஈசா டவுன் தமிழ் இளைஞர்களுக்கு இது எட்டாத கல்வியன்று. அங்குள்ள இந்தியப் பள்ளியின் மத்திய இடைநிலைக் கல்வி வாரியப் பாடத்திட்டத்தில், கணினி அறிவியல் பயிலும் 11, 12ஆம் வகுப்பு மாணவர்கள் பைத்தான் மொழியைக் கற்கின்றனர். 2008இல் தொடங்கப்பெற்ற பஹ்ரைன் பாலிடெக்னிக்கும் அதே நகரில்தான் உள்ளது. செலீனியம், பிளேரைட் இரண்டையும் பைத்தானிலேயே இயக்கலாம். தேர்வுக்காகப் படித்த மொழி, தாய்மொழிக்குத் தொண்டு செய்யும் கருவியாக மாறலாம்.

தொடங்கும் முறை எளியது. முதலில் சோதனையின் படிகளைத் தாளில் எழுத வேண்டும். எதிர்பார்க்கும் விளைவையும் எழுத வேண்டும். எழுத்தில் தெளிவில்லாத சோதனை நிரலிலும் தெளிவடையாது. அடுத்து, வீட்டுக் கணினியில் ஒரே ஒரு சோதனையை ஓடச் செய்ய வேண்டும். பின்னர் கிட்ஹப் போன்ற தளத்தில் நிரலை வைத்து, மாற்றம் நிகழும்போதெல்லாம் சோதனை தானே ஓடுமாறு அமைக்கலாம். பொதுவில் திறந்துவைக்கும் திட்டங்களுக்கு அங்கே கட்டணம் இல்லை. உண்மைக் கைபேசிகளை வாடகைக்கு எடுப்பது இவற்றுக்கெல்லாம் பின்னரே. முதல் நாளே கடன் அட்டையைக் கொடுத்துவிட்டு, இயந்திரங்களை அணைக்க மறந்து, மாத இறுதியில் கட்டணப் பட்டியலைக் கண்டு திகைப்பவர் உண்டு. பெற்றோர் இதில் கவனம் செலுத்துவது நலம்.

வேறு இரு எச்சரிக்கைகளும் தேவை. சோதனைக்கு உண்மை மனிதர்களின் பெயரையோ அடையாள எண்ணையோ பயன்படுத்தலாகாது. தனிநபர் தரவுகளைக் காக்க 2018ஆம் ஆண்டின் 30ஆம் எண் சட்டம் பஹ்ரைனில் உள்ளது. பிறருடைய தளத்தில், குறிப்பாக வங்கி, அரசுத் தளங்களில், அனுமதியின்றித் தானியங்கிகளை ஏவுவதும் கூடாது. தானியங்கிச் சோதனைக்கு உரிய களம் தமிழ்ச் சங்கங்களின் சொந்தத் தளங்களும் திறமூலத் தமிழ் மென்பொருள்களுமே ஆகும். பிற சேவைகளைப் பயனர் தம் கணக்கில் கையால் பயன்படுத்தும்போது காணும் பிழையை, கருவியின் பெயர், செயலியின் பதிப்பு, படிகள், திரைப்படம் ஆகியவற்றோடு எழுதி அனுப்பலாம். அதனுடன் "இந்தத் தமிழ்ப் பெயர்களையும் உங்கள் சோதனையில் சேர்த்துக்கொள்ளுங்கள்" என ஒரு பட்டியலையும் இணைத்தால், பிழையைக் களைவதற்கான வழி நிறுவனத்தின் கையிலேயே சேர்ந்துவிடுகிறது.

பிள்ளைகளின் கணினி ஆர்வத்தைத் தேர்வு மதிப்பெண்ணோடு முடித்துவிடாமல், வெள்ளி, சனி விடுமுறையில் ஒரு மணி நேரத்தை இப்பணிக்கு ஒதுக்கப் பெற்றோர் ஊக்குவிக்க வேண்டும். ஆளுக்கு ஒரு சோதனை எழுதினாலும் பத்து இளைஞர்களிடமிருந்து பத்துச் சான்றுகள் பிறக்கும். தமிழுக்கு இடம் கேட்போர் கையில் வேண்டுகோளோடு சான்றும் இருக்கட்டும்.