மேல்மாடியில் இருப்பவனும் குடியிருப்பவனே

தோழர்களே, தாராவி வீட்டை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கீழே பத்துக்குப் பத்து ஓர் அறை. அதன் மேல் இரும்புச் சட்டம் நிறுத்தி, பலகையும் தகரமும் அடித்து இன்னோர் அறை. ஏறிப்போகச் சந்தில் செங்குத்தாக ஓர் இரும்பு ஏணி. கீழே வீட்டுக்காரர், மேலே குடிக்கூலிக்கு இருப்பவர். பெரும்பாலும் இருவரும் ஒரே ஊர், சில இடங்களில் மாமன் மைத்துனர்.

குடிசைப் பகுதியில் வீட்டின் உயரம் 14 அடியைத் தாண்டக் கூடாது என்பது மாநகராட்சி வைத்த வரம்பு. அந்த 14 அடிக்குள்தான் நம்மவர்கள் இரண்டு வீடு கட்டினார்கள். பலகைக்கும் கூரைக்கும் போக ஆளுக்கு ஆறரை அடி. கையைத் தூக்கிச் சட்டை மாட்டினால் விசிறியில் படும். ஊரிலிருந்து வந்த எத்தனை பேருக்கு முதல் இரவு இந்த மாடியில் கழிந்தது! கணவனை இழந்த எத்தனை தாய்மார் இந்த மாடி வாடகையில் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள்! நகரம் கட்டித் தராத வாடகை வீட்டை நாமே கட்டிக்கொண்டோம், அவ்வளவுதான்.

2024 மார்ச்சில் கணக்கெடுப்பு தொடங்கியது. 1.1.2000-க்கு முன்னிருந்த கீழ்வீட்டுக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி, இலவசம். மாடியில் இருப்பவருக்கோ, 15.11.2022-க்கு முன்பிருந்தே இருந்தாலும், தாராவிக்கு வெளியே 300 சதுர அடி. அதுவும் வாடகை கட்டிக் கட்டிச் சொந்தமாக்கிக்கொள்ளும் முறையில். முன்பு மாடிக்காரரைக் கணக்கிலேயே சேர்த்ததில்லை. இப்போது சேர்த்தார்களே என்று சிலர் மகிழ்கிறார்கள். நாங்கள் மகிழவில்லை. இரவு இரண்டு மணிக்கு எழுந்து இட்லி அவித்து, விடியுமுன் சைக்கிளில் கொண்டு போகிறவரை வெளியே அனுப்பினால் அவர் இட்லியை யாரிடம் விற்பார்? ரயிலில் காத்திருப்போர் பட்டியலில் இருப்பவருக்குக் கூட அதே வண்டியில்தான் இடம் தேடுகிறோம். பிழைப்பைப் பறிப்பது உயிரைப் பறிப்பதற்குச் சமம் என்று இதே பம்பாயின் நடைபாதை மக்கள் வழக்கில் 1985-ல் உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. அந்த நியாயம் ஏணிக்குக் கீழே நின்றுவிடுமா?

அரசைக் கேட்பது இருக்கட்டும். நம்மவர்களைப் பற்றியும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒரு வீட்டில் கணக்கெடுக்க வந்தவர்களிடம் வீட்டுக்காரர், "மாடியில் சாமான்தான் போட்டிருக்கிறோம்" என்று சொல்லிவிட்டார். அந்த மாடியில் 11 வருடமாக ஒரு குடும்பம் இருக்கிறது. அன்று கணவனும் மனைவியும் வேலைக்குப் போயிருந்தார்கள். பிறகு நாங்கள் போய்க் கேட்டோம். "என் பங்கு குறைந்துவிடுமோ என்று பயந்துவிட்டேன் அண்ணாச்சி" என்றார். கெட்ட மனிதர் அல்ல. அந்தக் குடும்பத்தின் கல்யாணத்தை முன்னின்று நடத்தியவரே அவர்தான். கீழ்வீட்டுக்கு ஒரு கணக்கு, மாடிக்கு வேறு கணக்கு என்பதை யாரும் அவருக்கு எடுத்துச் சொல்லவில்லை. அது எங்கள் குற்றமும்தான்.

மாடிக்காரருக்கும் தாராவிக்குள்ளேயே வீடு என்பது நம் கோரிக்கை. கீழ்வீட்டுக்காரர் கூட நிற்காமல் அது நடக்காது. ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்கத்திற்கு வாருங்கள். மின்சார பில், வாடகை ஒப்பந்தம், ஆதார், பிள்ளைகளின் பள்ளிச் சான்று எது இருந்தாலும் எடுத்து வாருங்கள். மாடியில் இன்னார் இத்தனை வருடமாக இருக்கிறார் என்று வீட்டுக்காரர் கையெழுத்திட வேண்டிய வாக்குமூலத்தை நாங்கள் எழுதி வைத்திருப்போம். இருவரும் சேர்ந்தே வாருங்கள்.