டேங்க் பெரிசு, காற்று எங்கே?

"கம்ப்ரசர் டேங்க் பெரிதென்றால் போதும், துரு நீக்கும் பிளாஸ்ட் கேபினெட்டுக்கு ஒரு எச்.பி. மோட்டாரே தாங்கும்" என்கிறார் தருமபுரி நண்பர். தாங்காது. 3 மி.மீ. நாசில், 80 பி.எஸ்.ஐ.யில் நிமிடத்துக்குச் சுமார் 15 கன அடி காற்றைக் குடிக்கும். அந்த மோட்டார் தருவது நாலு. டேங்க் வெறும் அண்டா, ஊற்று அல்ல. 300 லிட்டரை 120 பி.எஸ்.ஐ.க்கு நிரப்பினாலும் மூன்று நிமிடத்துக்குள் அழுத்தம் படுத்துவிடும். உள்ளே வைத்த மொபெட் ஹப் பாதி வெள்ளை, பாதி துருவாக நிற்கும். வீட்டு சிங்கிள் பேஸ்தான் என்றால் 3 எச்.பி.யும் 2 மி.மீ. நாசிலும் போடுங்கள், வேலை மெதுவாகும், நிற்காது.

கேபினெட்டில் தென்பெண்ணை ஆற்று மணலைச் சலித்துப் போடலாம் என்றும் சொல்கிறார் அவர்! அந்த சிலிக்கா தூசி நுரையீரலைத் தின்னும். பிளாஸ்டிங்குக்கு மணல் கூடாதென்று பிரிட்டன் 1949இலேயே விதி போட்டது. மணலுக்குப் பதில் கார்னெட் வாங்குங்கள், அதுவும் நம் கடற்கரைச் சரக்குதான்.