807க்கு எத்தனை வோல்ட்?

பரணிலிருந்து இறக்கிய பழைய வால்வின் எண்ணை எழுதி, “இதற்கு டேட்டா கிடைக்குமா?” என்று வாசகர்கள் அனுப்பும் கடிதங்கள் நின்றபாடில்லை. குறையாகச் சொல்லவில்லை. டிரான்ஸ்மிட்டர் வால்வைத் தேடிப் பிடித்து வேலை வாங்க நினைப்பவர்கள் இன்னும் இருப்பதால்தான் இந்த இதழும் வருகிறது. ஆனால் கேட்பவர் பெரும்பாலும் எதிர்பார்ப்பது ஒற்றை வரி: பிளேட்டுக்கு இத்தனை, ஸ்கிரீனுக்கு இத்தனை, ஹீட்டருக்கு இத்தனை. அந்த ஒற்றை வரியை நம்பித்தான் பல நல்ல வால்வுகள் வீணாகின்றன என்பது எங்கள் கட்சி.

எல்லோர் கையும் பட்ட 807ஐயே எடுத்துக்கொள்வோம். 1936இல் வந்த 6எல்6 ஆடியோ வால்வின் வழியில், பிளேட் இணைப்பைத் தலைமேல் தொப்பிக்குக் கொண்டுபோய், ரேடியோ அலைவரிசைக்குத் தக்கபடி ஆர்சிஏ செய்த பீம் டெட்ரோடு அது. ஹீட்டர் 6.3 வோல்ட், 0.9 ஆம்பியர். இதில் தகராறு இல்லை. பிளேட்டுக்கு எத்தனை வோல்ட் என்று கேட்டால்தான் வம்பு. ஒருவர் 750 என்பார், இன்னொருவர் 600 என்பார், மூன்றாமவர் 475 என்று அடித்துச் சொல்வார். மூவரும் பார்த்தது ஒரே ஆர்சிஏ தாளைத்தான். மூவர் சொல்வதும் சரிதான்.

அந்தத் தாளில் கிளாஸ் சி சிடபிள்யூவுக்கு ஒரு பகுதி, பிளேட்டில் மாடுலேட் செய்யும் ஏஎம்முக்கு வேறொரு பகுதி. ஒவ்வொரு பகுதியிலும் இரண்டு பத்திகள். சிசிஎஸ் என்ற பத்தி, விடாமல் ஓடும் வணிக நிலையங்களுக்கு. ஐசிஏஎஸ் என்பது விட்டுவிட்டுப் பேசுபவர்களுக்கு, ஆயுள் கொஞ்சம் குறைந்தாலும் பவர் வேண்டும் என்கிற நம்மைப் போன்றவர்களுக்கு. சிடபிள்யூவில் சிசிஎஸ் 600 வோல்ட், ஐசிஏஎஸ் 750. ஏஎம்மில் சிசிஎஸ் 475, ஐசிஏஎஸ் 600. பிளேட் தாங்கும் வெப்பமும் இதே வரிசையில் 25 வாட், 30 வாட், 16.5 வாட், 25 வாட்.

இந்த 16.5 எங்கிருந்து வந்தது? கேரியரை நூறு சதவீதம் மாடுலேட் செய்தால் பிளேட்டுக்குப் போகும் சராசரி பவர் ஒன்றரை மடங்காகிறது. வெப்பமும் கூடவே ஏறுகிறது. 16.5ஐ ஒன்றரையால் பெருக்கிப் பாருங்கள், 24.75 வரும். வெறும் கேரியர் நிற்கும்போது 16.5இல் நிறுத்தினால்தான், உரக்கப் பேசும்போது 25க்குள் அடங்கும். 813இன் தாளிலும் இதே கணக்குதான்: சிடபிள்யூவுக்கு 100 வாட், ஏஎம்முக்கு 67. வோல்டேஜைக் குறைத்ததற்கும் காரணம் அங்கேயே இருக்கிறது. மாடுலேஷனின் உச்சியில் பிளேட் வோல்டேஜ் இரட்டிக்கும், 475 என்பது 950 ஆகிவிடும். தாள் இதையெல்லாம் உட்கார்ந்து விளக்காது. ஆனால் நான்கு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்குப் புரிந்துவிடும். “807: 750 வோல்ட், 30 வாட்” என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு ஏஎம் செட் கட்டுபவருக்கு அந்த வாய்ப்பே இல்லை.

இன்னொன்றும் உண்டு. 6எல்6 போன்ற ரிசீவர் வால்வுகளுக்கு ஆர்சிஏ கொடுத்த எண்களில் மெயின்ஸ் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்கெனவே இடம் விடப்பட்டிருந்தது. டிரான்ஸ்மிட்டர் வால்வுகளின் எண்கள் அப்படியல்ல. எந்த நேரத்திலும் தாண்டக் கூடாத எல்லை அவை. 220 வோல்ட் மெயின்ஸில் 600 கொடுக்கும் பவர் சப்ளை, 240இல் 650ஐத் தாண்டும். நம் ஊரில் நள்ளிரவில் மெயின்ஸ் எங்கே நிற்கிறது என்று மீட்டர் வைத்துப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

சரி, அந்தத் தாளை எந்தப் பெயரில் தேடுவது? ஒரே 807க்கு அமெரிக்க ராணுவ சிக்னல் படை வைத்த பெயர் விடி-100. பிரிட்டிஷ் முப்படைப் பட்டியலில் சிவி124. மல்லார்டு பெட்டியில் கியூவி05-25. சீனத் தயாரிப்பில் எஃப்யு-7. போர் உபரியாக வந்த வால்வுகளில் ராணுவ எண் மட்டுமே பளிச்சென்று இருக்கும், வணிக எண் இருக்காது. ஆகவே முதலில் தேட வேண்டியது பெயர் மாற்றப் பட்டியலை, பிறகுதான் டேட்டாவை. பிரிட்டிஷ் விமானப்படையும் தன் வால்வுகளுக்கு விடி என்றே பெயர் வைத்தது என்பதையும் மனதில் வையுங்கள். அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் ஒரே விடி எண் இருந்தால், அது ஒரே வால்வாக இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது.

எண்ணிலேயே விவரத்தைப் பொதிந்து வைத்தவர்கள் பிலிப்ஸ்காரர்கள். கியூகியூஇ06/40 என்பதில் கியூ என்றால் டெட்ரோடு, இரண்டு கியூ என்றால் ஒரே கூட்டுக்குள் இரண்டு டெட்ரோடு. இ என்றால் மறைமுகமாகச் சூடாகும் ஆக்சைடு கேத்தோடு. அங்கே பி இருந்திருந்தால் தோரியம் கலந்த டங்ஸ்டன் ஃபிலமென்ட். 06 என்பது 0.6 கிலோவோல்ட், 40 என்பது வாட் கணக்கு. தாளே இல்லாவிட்டாலும் வால்வின் சுமாரான ஜாதகம் கையில் வந்துவிடும். அதே வால்வின் அமெரிக்க எண் 5894. அதை எத்தனை நேரம் உற்றுப் பார்த்தாலும் ஒன்றும் பெயராது.

“இதற்குச் சமமான வால்வு” என்ற சொல்லை நாங்கள் சந்தேகத்தோடுதான் பார்க்கிறோம். 1625ஐ 807இன் இரட்டை என்பார்கள். உள்ளே சரிதான். ஆனால் ஹீட்டர் 12.6 வோல்ட், பேஸில் ஏழு பின். 6146 குடும்பம் இதைவிடச் சிக்கல். 1950களில் வந்த அசல் 6146க்குப் பிளேட் வெப்பம் சிசிஎஸ் 20 வாட், ஐசிஏஎஸ் 25. பின்னால் வந்த 6146பிக்கு 27, 35. பெரியது சின்னதற்குப் பதிலாகப் போகும்தானே என்று மாற்றினால், 6146க்கென்றே வடிவமைத்த சில பழைய ரிக்குகளில் நியூட்ரலைசேஷன் பிடிபடாமல் ஆட்டம் காணும். உள்ளமைப்பு மாறிவிட்டது. ஹீட்டர் மின்னோட்டம்கூட 1.25 ஆம்பியரிலிருந்து 1.125 ஆனது. தாளின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருப்பதை மட்டும் ஒப்பிட்டால் இதெல்லாம் கண்ணில் படாது. ரஷ்ய ஜியு-50க்கு அமெரிக்கச் சமம் தேடி அலைவதும் வீண் வேலை. அதன் மூதாதை ஜெர்மன் எல்எஸ்50. அந்தத் தாள் கிடைத்தால் போதும்.

அட்டவணைக்குள் அடங்காத சங்கதிகள்தான் பல நேரம் உயிரை வாங்குகின்றன. 813ஐப் படுக்க வைக்கலாமா? செங்குத்தாக வைத்தால் கவலையில்லை. படுக்க வைப்பதானால் ஃபிலமென்ட் இருக்கும் தளம் செங்குத்தாக நிற்க வேண்டும். இல்லையென்றால் சூட்டில் ஃபிலமென்ட் தொய்ந்து கிரிட்டைத் தொடும். 3-500இசட்டின் பிளேட் வேலை செய்யும்போது செக்கச் செவேலென்று இருப்பது இயல்பு. 807இன் பிளேட் சிவந்தால் உடனே சாவியை விடுங்கள். 4சிஎக்ஸ்250பியின் ஹீட்டர் 6.0 வோல்ட். ரிச்சி தெருவில் வாங்கிய 6.3 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரை அப்படியே கொடுத்தால் ஐந்து சதவீதம் கூடுதல். அதுதான் பொதுவாக அனுமதிக்கும் விளிம்பு. மெயின்ஸ் ஏறினால் விளிம்பையும் தாண்டிவிடும். அதே வால்வை 432 மெகாஹெர்ட்ஸில் ஓட்டினால் 5.5ஆகக் குறைக்கச் சொல்கிறது ஐமாக்கின் தாள். அந்த அலைவரிசையில் திரும்பி வந்து மோதும் எலக்ட்ரான்களே கேத்தோடைச் சூடாக்கிவிடுகின்றன.

கண்ணாடியில் எழுத்து அழிந்திருந்தால் ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீர்கள், மிச்சமும் போய்விடும். பக்கவாட்டில் விளக்கைப் பிடித்து, வாயால் மெல்ல ஊதி ஈரப்பதம் படியவிட்டுப் பாருங்கள். மை இருந்த தடம் பல நேரம் தெரியும். அப்படியும் எண் புரியவில்லையா? பேஸ், பின், தொப்பி, கூட்டின் அளவு என்று பார்த்து ஊகியுங்கள். ஆனால் ஊகத்தை வைத்துக்கொண்டு பிளேட்டுக்கு வோல்டேஜ் கொடுக்காதீர்கள்.

எதைத் தேட வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறோம். தயாரிப்பாளரே வெளியிட்ட முழுத் தாள், அடியில் தேதியோடு. அது கிடைக்காதபோது ஆர்சிஏவின் டிரான்ஸ்மிட்டிங் டியூப்ஸ் கையேடுகள். 1956இன் டிடி-4, 1962இன் டிடி-5 இரண்டும் நாம் கையாளும் அளவிலான ஆர்சிஏ வால்வுகளில் பெரும்பாலானவற்றுக்குப் போதும். ஏஆர்ஆர்எல் ஹேண்ட்புக்கின் அட்டவணைகள் மோசமில்லை. வேலை வாரியாகத் தனித்தனி வரி கொடுத்திருப்பார்கள். ஆனால் குளிர்ச்சி, நிற்கும் நிலை, அடிக்குறிப்பு எதுவும் அங்கே கிடைக்காது. ஸ்கேன் செய்த பிரதி வாங்கும்போது கடைசிப் பக்கங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். வளைகோட்டுப் படங்கள் அங்கேதான் இருக்கும். அவசரத்தில் ஸ்கேன் செய்பவர்கள் விட்டுவிடுவதும் அந்தப் பக்கங்களைத்தான்.

அடுத்த இதழிலிருந்து ஒரு மாற்றம். வால்வு டிரான்ஸ்மிட்டர் அல்லது லீனியர் சர்க்யூட் அனுப்புபவர்கள், எந்த நிறுவனத்தின் எந்த ஆண்டுத் தாளை வைத்து வடிவமைத்தார்கள், எந்த வேலைக்கு, சிசிஎஸ்ஸா ஐசிஏஎஸ்ஸா என்பதைச் சர்க்யூட்டின் கீழே குறிப்பிட வேண்டும். ஹீட்டர் வோல்டேஜைச் சாக்கெட் பின்னிலேயே அளந்து எழுத வேண்டும், அளக்கும்போது மெயின்ஸ் எத்தனை வோல்ட் என்பதையும் சேர்த்து. இவை இல்லாத சர்க்யூட்டுகளைத் திருப்பி அனுப்புவோம்.