மாரிக்கு ஓர் ஆற்றுப்படை

வாடை வீசத் தொடங்கிவிட்டது. படுவான்கரை வயல்கள் பசுமை போர்த்து நிற்கின்றன. பாடசாலைகளோ ஆண்டிறுதி விடுமுறையை எதிர்நோக்கியிருக்கின்றன. "இம்முறை எங்கே போகலாம்?" என்பதே இன்று பிள்ளைகள் நாவில் உலவும் கேள்வி. அக்கேள்வியை அடக்குதல் எம் நோக்கமன்று. அதற்கு விடை கூறுமுன் பெற்றோரும் ஆசிரியரும் கூறவேண்டியது ஒன்றுண்டு. அதனை நாம் மறந்துவருகிறோம் என்பதே எம் கவலை.

குளிர்கால உலா என்றதும் பனி பெய்யும் நாடுகளே நம் நினைவுக்கு வருகின்றன. அந்நாட்டார் குளிருக்கு அஞ்சி வீட்டுள் ஒடுங்கிக் கிடப்பதில்லை. கம்பளி பூண்டு மலையேறுகின்றனர். எனினும், ஆல்ப்சு மலைச்சாரலில் உலாவச் செல்வோர், பனிச்சரிவின் அபாயத்தை ஐந்து படிகளாக வகுத்துரைக்கும் அன்றாட அறிக்கையை நோக்கிய பின்னரே புறப்படுதல் வழக்கம். ஆயத்தம் செய்தல் அவர்க்கு உலாவின் முதற்பகுதி. நமக்குப் பனிச்சரிவு இல்லை, வெள்ளம் உண்டு. நம் குளிர்காலம் மாரிகாலமே. ஆயின், அதற்குரிய ஆயத்தம் நம்மிடம் உண்டா?

ஆவணியும் புரட்டாதியும் கார், ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர், மார்கழியும் தையும் முன்பனி என நம் இலக்கண உரைகாரர் வகுத்தனர். தமிழகத்து நிலத்தை நோக்கி எழுந்த அவ்வகுப்பு மட்டக்களப்பு மண்ணுக்கு அப்படியே பொருந்துவதன்று. இங்கு ஆவணியிற் கச்சான் வீச நிலம் வறண்டு கிடக்கும். ஐப்பசியில் தொடங்கும் மழை கார்த்திகை, மார்கழி, தை என நீளும். ஆண்டு மழையிற் பெரும்பங்கு இத்திங்கள்களிலேயே பெய்துவிடும். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் வாவி அப்பொழுது வேறொரு வாவியாகிவிடும். கோடையில் மணல் அடைத்த முகத்துவாரம் திறக்க, அசையாதிருந்த நீர் கடலை நோக்கி இழுக்கத் தொடங்கும்.

சென்ற ஆண்டு எம் வகுப்பில் ஒரு மாணவன் ஆறு பெரும்பொழுதுகளையும் பிழையின்றி ஒப்புவித்தான். "நன்று. முகத்துவாரம் எப்பொழுது திறக்கும்? திறந்தபின் நீரோட்டம் எவ்வாறு மாறும்?" என்று வினவினோம். அவன் விழித்தபடி நின்றான். அவன் தந்தையாரோ வாவியில் வலை வீசி வாழ்பவர். குற்றம் மாணவனதன்று, கூதிரை ஏட்டில் மட்டும் காட்டிவந்த எமதே.

மாரியின் சீற்றத்தை இம்மண் பலமுறை கண்டுள்ளது. 1957 டிசெம்பர் வெள்ளத்தை முதியோர் இன்றும் நினைவுகூர்வர். 1978 நவம்பர் 23 ஆம் நாள் வீசிய சூறாவளியின்போது யாம் சிறுவர். எம் பாட்டனார் மாலையிலேயே கிடுகுக் கூரையைக் கயிற்றால் வரிந்து கட்டிவிட்டு, எம்மையெல்லாம் அயலிலிருந்த கல்வீட்டுக்கு அழைத்துச் சென்றார். விடிந்தபோது எம் வீடு இருந்த இடத்தில் மண்மேடை மட்டுமே இருந்தது. யாம் அனைவரும் இருந்தோம். காற்றை அவரால் தடுக்க இயலவில்லை. காற்றுக்கு முன் செய்யவேண்டியதைச் செய்ய இயன்றது.

அண்மையில் நிகழ்ந்ததொன்றையும் கூறவேண்டும். விபுலாநந்த அடிகள் 1892 இல் பிறந்த காரைதீவுக்கு அணித்தாயது மாவடிப்பள்ளி. 2024 நவம்பர் 26 அன்று அங்கு வெள்ளம் வீதியை மேவிப் பாய்ந்தது. உழவியந்திரப் பெட்டியிலேறி வீடு திரும்பிக்கொண்டிருந்த மாணவர்களை அவ்வெள்ளம் அடித்துச் சென்றது. இளம் பிள்ளைகள் பலர் மாண்டனர். எவரையும் பழிக்கும் பொருட்டு இதனை நினைவூட்டுகின்றோம் அல்லேம். வீடு சேரும் ஆவலும், நாளும் செல்லும் வீதிதானே என்னும் பழக்கமும் எவர் கண்ணையும் மறைக்கும். ஓடும் நீர் ஓரடி உயர்ந்தாலே சிறிய மோட்டார் வண்டி மிதக்கும். ஈரடியாயின் பெரும்பாலான வாகனங்களை அது இழுத்துச் செல்லும். இச்சிறு கணக்கை நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் அறிவர்?

"அங்ஙனமாயின் மாரியில் எங்கும் செல்லலாகாது என விலக்கிவிடலாமே" என்பாரும் உளர். அது எளிய வழி, நல்ல வழியன்று. வடபுலத்து உறைபனிக்கு அகன்று ஊசிவால் வாத்து முதலிய பறவைகள் நம் நாட்டு நீர்நிலைகளை நாடி வருவது இக்காலத்திலேயே. மழை விட்ட ஒரு காலைப்பொழுதில் அவற்றைக் கரையில் நின்று காண்பதினும் சிறந்த உலா யாது? மேலும், ஆசிரியரோடு செல்லவிடாது தடுத்த பிள்ளை தோழரோடு சொல்லாமற் செல்வான். அவனோடு அறியாமையும் உடன் செல்லும்.

வழி யாது? நம் முன்னோர் அதற்கு ஓர் இலக்கிய வகையையே கண்டனர், அதுவே ஆற்றுப்படை. நன்னனிடம் பரிசில் பெறச் செல்லும் கூத்தர்க்கு வழியுரைக்கும் மலைபடுகடாத்தில், பெருங்கௌசிகனார் அவன் கொடைச்சிறப்பை மட்டுமா கூறினார்? பன்றிக்கு வைத்த பொறிகளையும், பாம்பு உறையும் குழிகளையும், தினைப்புனங் காப்போர் எறியும் கவண்கற்களையும், கால் வழுக்கும் இடங்களையும் ஒவ்வொன்றாக எடுத்துரைத்தார். இடரைக் கூறியதனால் கூத்தர் பயணத்தைக் கைவிடவில்லை; நெறியறிந்து சென்றனர். இன்பத்தை மட்டும் காட்டி இடரை மறைப்பது ஆற்றுப்படையன்று, விளம்பரம்.

நாம் இன்று விருந்தினர்க்குக் காட்டுவன பெரும்பாலும் விளம்பரங்களே. பாசிக்குடாவின் நீல நீரைப் படத்திற் காட்டுகிறோம். கோடையில் அடங்கியிருந்த கடல் வாடையிற் கொந்தளிக்கும் என்பதைக் கூறுகின்றிலேம். கல்லடிப் பாலத்தருகே பாடுமீன் ஒலி கேட்கலாம் என்கிறோம். அதற்கு ஏற்றவை கோடையின் அமைதியான முழுநிலா இரவுகளே என்பதை விட்டுவிடுகிறோம். மார்கழி வெள்ளத்தில் அவ்வொலி தேடித் தோணி ஏறுவோர் பாட்டைக் கேளார்.

ஆகவே மாரிக்கு ஓர் ஆற்றுப்படை வேண்டும். அதன் முதலடி வானிலை அறிக்கையாக இருக்கட்டும். நேற்றைய வெயிலை நம்பி இன்று புறப்படலாகாது. வீதியை மேவி நீர் ஓடுமாயின், முன்னே சென்ற வண்டி கடந்தது கண்டு நாமும் இறங்கலாகாது. தோணியிலும் மிதவைப் பாதையிலும் உயிர்காப்பு அங்கி அணியவேண்டும்; நீந்தத் தெரியும் என்பது இழுக்கும் நீரில் போதிய காப்பன்று. இடி கேட்டால் வயல்வெளியையும் நீரையும் விட்டுக் கட்டடத்துள் ஒதுங்கவேண்டும். எலிக்காய்ச்சல் பரவும் காலமாதலின், காலிற் புண்ணுள்ளோர் சேற்றில் இறங்கலாகாது. நனையாத பையில் மாற்றுடையும் கைவிளக்கும் இருத்தல் நலம். செல்லுமிடமும் திரும்பும் நேரமும் வீட்டில் ஒருவர்க்குத் தெரிந்திருக்கவேண்டும். இடர் நேரின் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்னும் எண்ணைப் பிள்ளையும் அறிந்திருக்கவேண்டும். இவை அனைத்தினும் மேலாக, பாதிவழியிற் திரும்பிவருதல் இழிவன்று என்பதைத் தலைமை தாங்கிச் செல்லும் ஆசிரியர் உணர்தல் வேண்டும்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். கார்த்திகை முடியுமுன் ஒரு பாடவேளையை இதற்கென ஒதுக்குங்கள். ஒவ்வொரு மாணவனும் தன் ஊருக்கு ஓர் ஆற்றுப்படை எழுதட்டும். எந்த மதகு முதலில் நிரம்பும், எந்தத் துறையில் ஆழம் மிகுதி, எந்த மேட்டில் ஊரார் ஒதுங்கலாம், யாரிடம் தோணி உண்டு என்பவற்றை மூத்தோரிடம் கேட்டு எழுதட்டும். அகவலில் எழுதினும் அமையும். உரைநடையில் எழுதினும் அமையும். யாப்புப் பிழைகளைப் பின்னர்த் திருத்திக்கொள்ளலாம். செய்திப் பிழையே உயிரைக் கொள்ளும்.

எம் அளவில் ஒன்று துணிந்துள்ளோம். அன்று விடையின்றி நின்ற அம்மாணவனின் தந்தையாரை இம்மாதம் வகுப்புக்கு அழைத்திருக்கின்றோம். அவர் ஆசிரியர் நாற்காலியில் அமர்ந்து வாவியைப் பற்றிக் கூறுவார். யாம் மாணவரோடு வாங்கில் அமர்ந்து குறிப்பெடுப்போம்.